பின்னங்களும் பதினைந்து ஆண்டுகளும்

வணக்கம் ஐயா,

பதினைந்து ஆண்டுகளாகக் கணிதம் நடத்துகிறேன். அதே பின்னங்கள், அதே உதாரணங்கள், அலுத்துவிட்டது. எங்கள் பள்ளியில் ஓய்வு பெறப்போகும் ஒருவர் இன்றும் மணி அடித்ததும் உற்சாகமாக வகுப்புக்குப் போகிறார். அது பிறவிக் குணமா? பள்ளி முழுக்க வரப்போகும் புதிய கற்பித்தல் திட்டத்தின் பொறுப்பை எனக்குத் தருகிறார்கள். எடுத்துக்கொண்டால் பழைய துடிப்பு திரும்புமா?

கே.

அன்புள்ள கே.,

பிறவிக் குணமெல்லாம் இல்லை. திட்டத்தை மட்டும் யோசித்து எடுங்கள். மைக்கேல் ஹூபர்மன் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தில் 160 ஆசிரியர்களிடம் அவர்களுடைய பணிக்காலம் முழுவதையும் பற்றி விரிவாகப் பேசினார். கடைசிவரை நிறைவோடு இருந்தவர்கள் பெரும்பாலும் தங்கள் வகுப்பறைக்குள்ளேயே எதையாவது மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்; பள்ளியையே புரட்டிப்போடும் சீர்திருத்தங்களில் முழுமூச்சாக இறங்கியவர்களிடம்தான் பிற்பாடு கசப்பு அதிகம். (திட்டம் போடுகிறவர்கள் கண்ணில் இதெல்லாம் படாது.)

எதை மாற்றிப் பார்ப்பது என்கிறீர்களா? மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. அதை 3 விநாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். சரி, அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று நாளைக்குக் கேட்டுப்பாருங்கள். முன்வரிசையில் கை உடனே உயரும், கவனிக்காததுபோல நில்லுங்கள். ஒருவன் ஐந்தில் இரண்டு என்பான், மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டியிருப்பான். தப்பு என்று சொல்லிவிடாதீர்கள், இன்னொரு மூன்று விநாடி பொறுங்கள். "அது அரையைவிடக் கம்மியாச்சே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தால், அன்றைக்கு நீங்கள் பலகையில் எழுத வேண்டியதே அதிகமிருக்காது.

அந்தப் பெரியவருக்கும் பாடம் எப்போதோ அலுத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் பிள்ளைகள் அதை எப்படியெல்லாம் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பது அலுக்காது. வகுப்பு முடிந்ததும் அந்தத் தப்புகளை இரண்டு வரி குறித்து வையுங்கள், அடுத்த ஆண்டு அதே பாடத்துக்குப் போகும்போது கேட்பதற்குப் புதிதாக ஒரு கேள்வி கையில் இருக்கும். அப்புறம், நோட்டு முழுக்கச் சிவப்பு மையால் திருத்தி ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைக்காதீர்கள். பலர் செய்த தப்பு எதுவோ அதை மட்டும் எடுத்து வகுப்பில் பேசினால் போதும்.

திட்டப் பொறுப்பை ஏற்றே ஆகவேண்டிய நிலை வந்தால், அதற்கான நேரத்தை எந்த வேலையிலிருந்து குறைப்பார்கள் என்று தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எதையும் குறைக்க மாட்டோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.