பெரிய வெள்ளியில் பூசை ஏன் இல்லை?

அன்புள்ள ஐயா,

நான் கிறிஸ்தவன் அல்ல. சென்ற முறை பெரிய வெள்ளியன்று, அலுவலக நண்பர் ஒருவருக்கு ரோஜாப் படம் போட்டு ‘புனித வெள்ளி வாழ்த்துகள்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதிலே இல்லை. பிறகு கேட்டதற்கு, “அன்னைக்கு யாரும் வாழ்த்து சொல்ல மாட்டாங்கப்பா. எங்களுக்குப் பூசையே கிடையாது” என்று சிரித்தார். அவ்வளவு பெரிய நாளில் பூசை ஏன் இல்லை? இன்னொன்று, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: ஞாயிறு அவர் உயிர்த்துவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். பிறகு வெள்ளியன்று அழுவது நாடகம் இல்லையா? அடுத்த முறை நான் போய்ப் பார்க்கலாமா?

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

தவறாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. கோயிலுக்குள் உட்கார்ந்திருப்பவர்களிலேயே சிலர் மனதுக்குள் கேட்டுக்கொள்கிற கேள்விதான் அது.

கத்தோலிக்கருக்குப் பூசை என்பது இயேசுவின் சாவையும் உயிர்ப்பையும் சேர்த்து நினைவுகூர்கிற கொண்டாட்டம். அதனால் வெள்ளி முழுக்கவும் சனி பகலிலும் அது கிடையாது. நேற்று வந்த வழக்கம் இல்லை இது. 416இல் போப் முதலாம் இன்னொசென்ட் எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. வெள்ளி பிற்பகலில் நடப்பது திருப்பாடுகளின், அதாவது இயேசு பட்ட துன்பங்களின், வழிபாடு. அதில் கொடுக்கும் நற்கருணை (இயேசுவின் உடலாக ஏற்று வாங்குகிற அப்பம்), வியாழன் மாலைப் பூசையிலேயே எடுத்து வைத்தது.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது அல்லவா, அப்படித்தான் அன்றைய கோயிலும். வியாழன் பூசை முடிந்ததும் பீடத்தின் துணியை உருவிவிடுவார்கள். பூ இல்லை, மெழுகுதிரி இல்லை. நற்கருணைப் பேழை காலியாக, கதவு திறந்தபடி கிடக்கும். மணி சனி இரவு வரை ஒலிக்காது. மணி அடிக்கவேண்டிய இடத்தில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். வறட்டுச் சத்தம் அது. வெள்ளி வழிபாடு தொடக்கப் பாட்டு இல்லாமலே தொடங்கும். சிவப்பு உடையில் வருகிற ஃபாதர் ஒன்றும் பேசாமல் வெறும் பீடத்தின் முன் முகங்குப்புற விழுவார். கூட்டம் முழங்காலில் நிற்கும். ஃபேன் சுற்றுகிற சத்தமும் எங்கோ ஒரு கைக்குழந்தையின் சிணுங்கலும் மட்டும் கேட்கும்.

பிறகு யோவான் நற்செய்தியில் எழுதிய பாடுகளின் வரலாறு. மூன்று பேர் பிரித்து வாசிப்பார்கள். பெரும்பாலான கோயில்களில் கூட்டத்தின் குரலை மக்களே சொல்வார்கள். அதாவது, ‘சிலுவையில் அறையும்’ என்று கத்துவது நாங்கள்தான். நீங்கள் நாடகம் என்று சொன்னீர்களே, இந்த இடத்துக்கு அது பொருந்தும். ஆனால் எங்களுக்குக் கிடைக்கிற வேடம் அழுகிறவனுடையது அல்ல, கொல்லச் சொல்கிறவனுடையது.

இந்தக் குரலை அடுத்தவன் தலையில் சுமத்திய காலமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஐரோப்பாவில் பெரிய வெள்ளி வந்தாலே யூதர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பயந்திருந்த நூற்றாண்டுகள் இருந்தன. அன்று சொல்லும் மன்றாட்டிலேயே (பொது வேண்டுதலில்) அவர்களைக் குறித்து ஓர் இழிவான அடைமொழி இருந்தது. 1959இல்தான் போப் இருபத்துமூன்றாம் யோவான் அதை எடுத்தார். பின்னர் 1970இன் திருத்தத்தில் மன்றாட்டையே மாற்றி எழுதினார்கள். இப்போது பத்து மன்றாட்டுகள். அவற்றில் ஒன்று கிறிஸ்துவை ஏற்காதவர்களுக்காக, அடுத்தது கடவுளையே நம்பாதவர்களுக்காக. நீங்கள் எந்தக் கணக்கில் வருகிறீர்களோ தெரியாது, எப்படியும் உங்களுக்காக ஒருமுறை முழங்காலிடுகிறார்கள்.

சரி, முடிவு தெரிந்தும் ஏன் அழுகை? மாற்கும் மத்தேயுவும் எழுதியபடி பார்த்தால், மூன்றாம் நாள் எழுவேன் என்று முன்பே சொன்னவர்தான் சிலுவையில் ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று கதறினார். அவருக்கே முடிவு தெரிந்தது வலியைக் குறைக்கவில்லை. சீர்திருத்த சபையான சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கோயில்களில் பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை மும்மணி ஆராதனை நடக்கும். சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகத் தியானிப்பார்கள். அந்தக் கதறல் நாலாவது வார்த்தை. இந்த மூன்று மணி நேர முறை 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெரு நாட்டின் லிமாவில், அலோன்சோ மெசியா என்ற இயேசு சபைக் குரு தொடங்கியது. கத்தோலிக்கக் குரு தொடங்கியதை இன்று சீர்திருத்த சபையார்தான் விடாமல் நடத்துகிறார்கள் என்பது எனக்குப் பிடித்த வேடிக்கை.

அழுகைக்கென்றே தமிழில் ஒரு நூலும் இருக்கிறது. டச்சுக்காரர்கள் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த இலங்கைக்கு 1705இல் கோவாவிலிருந்து வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். தமிழிலும் சிங்களத்திலும் எழுதினார், 1742இல் இறந்தார். அவருடைய வியாகுலப் பிரசங்கத்தை யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கம் தவக்காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில்) இன்றும் இழுத்து இழுத்து, துயர மெட்டில் வாசிக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கே வராது. எனக்கு அதுதான் சரியென்று படுகிறது. வெள்ளியன்றே ‘கவலைப்படாதீர்கள், ஜெயித்துவிட்டார்’ என்று மைக்கில் முழங்குகிற போதகர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் எல்லாம் நன்மைக்கே என்று சொல்கிறவர்களும் இவர்களும் ஒரே ரகம்.

உங்கள் நண்பருக்கு அன்று ஒருசந்தி, சுத்தபோசனம். அதாவது ஒருவேளைதான் முழுச் சாப்பாடு, இறைச்சி கிடையாது. ரோஜாப் படத்துக்கு அவர் கோபப்பட்டிருக்க மாட்டார். வாழ்த்தை ஞாயிறு காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தாராளமாகப் போகலாம். நற்கருணை வாங்க மட்டும் வரிசையில் நிற்க வேண்டாம், அது ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கருக்கு. சிலுவையை முத்தமிட யாரும் போகலாம். விருப்பமில்லை என்றால் உட்கார்ந்திருக்கலாம், ஒருவரும் கேட்கமாட்டார்கள். பெரும்பாலும் மூன்று மணிக்குத் தொடங்கும், நேரத்தை நண்பரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அரைமணி முன்னதாகப் போனால்தான் உட்கார இடம் கிடைக்கும். முடிந்ததும் ஆசீரும் இல்லை, பாட்டும் இல்லை, பேசாமல் கலைந்துவிடுவார்கள். இன்னும் ஏதோ இருக்கிறதென்று நீங்கள் காத்திருக்க வேண்டாம்.