தேன் எங்கேன்னு கேக்குறவருக்கு

கேள்வி: போர்ச்சுகலோட மதீரா தீவுல கரும்புப் பாகு ஊத்தி செய்யுற கேக்குக்கு 'தேன் கேக்'னு பேராம். உள்ள ஒரு சொட்டு தேன் கிடையாதாம். இது ஏமாத்து வேலை இல்லையா ஆசிரியரே?

பதில்: ஸ்கூல் வாசல்ல தேன் மிட்டாய் தின்னீங்களே, செக்கச்செவேல்னு, கடிச்சா ஜீரா ஒழுகி முழங்கை வரைக்கும் போகுமே, அப்ப எந்தத் தேனீயக் கூப்பிட்டு விசாரிச்சீங்க? தீபாவளிக்குப் பிழியுற தேன்குழல்லயும் தேன் இல்ல, குழல் மட்டும்தான் நிஜம். மதீராக்காரன் தேவலாம், 'மெல் டி கானா', கரும்புத் தேன்னு வெளிப்படையாவே சொல்லிடறான். கரும்புச் சாற வெல்லமா இறுக விடாம கருகருன்னு பாகா இருக்கும்போதே இறக்கிட்டா அதான் அது. அதோட பட்டை, கிராம்பு, சோம்பு, வால்நட், பாதாம், பன்றிக் கொழுப்பு (சைவக்காரங்க இந்த வார்த்தைய மட்டும் தாண்டிடுங்க), புளிச்ச ரொட்டி மாவு எல்லாம் பிசைஞ்சு சில நாள் அப்படியே விட்டு சுடுறாங்க. அதே பாகுல 'ப்ரோவாஸ்'னு குட்டி பிஸ்கட்டும் உண்டு. டிசம்பர் 8, அமலோற்பவ மாதா திருநாளுக்கு கேக் சுட்டா கிறிஸ்துமஸுக்கு பதமா இருக்கும், வருஷம் பூரா கெடாது, போன வருஷ மிச்சத்த அந்தத் திருநாளுக்குள்ள தின்னு தீக்கணும்ங்கறது வழக்கம்.

'கேக்'னு எழுதிட்டேன், இந்நேரம் மதுரை வாசகர் போஸ்ட் கார்டு எடுத்திருப்பார். 'அணிச்சல்'னு எழுதச் சொல்லி பன்னெண்டு வருஷமா சண்டை. ஐயா, ஏதாவது ஒரு பேக்கரியில போய் அரைக் கிலோ அணிச்சல் குடுங்கன்னு கேட்டு வாங்கி அந்த பில்ல அனுப்புங்க, அடுத்த இதழ்லயே மாத்திடறேன்.

இன்னொண்ணு, அந்தக் கேக்க கத்தி வெச்சு வெட்டக் கூடாது, கையாலதான் பிக்கணும். பட்டாக்கத்தியால பர்த்டே கேக் வெட்டி வீடியோ போட்டுட்டு மறுநாள் ஸ்டேஷன்ல குத்தவெச்சு உக்காந்திருக்கிற நம்ம தம்பிங்கள ஒரு டிசம்பர் அங்க அனுப்பி வெக்கலாம்.

ஏமாத்துன்னு கேட்டீங்கல்ல, அது பேர்ல இல்ல. 15ம் நூற்றாண்டுல அந்தத் தீவுல கரும்பு வெட்டி ஆலையில மாடா உழைச்சதுல கேனரி தீவுலேர்ந்தும் ஆப்பிரிக்காவுலேர்ந்தும் புடிச்சிட்டு வந்த அடிமைங்க உண்டு. தலைநகர் ஃபுன்ஷாலோட சின்னத்துல அஞ்சு சர்க்கரைக் கூம்பு (அந்தக் காலத்துல சர்க்கரைய கூம்பா வார்த்துதான் வித்தாங்க) ஜம்முனு இருக்கு, வெட்டுனவன் ஒருத்தனும் இல்ல. இதக் கேட்டிருந்தா முழுப் பக்கம் எழுதியிருப்பேன்.

போன வருஷம் லிஸ்பன்லேர்ந்து வந்த நண்பர் ஒண்ணு குடுத்தார், செங்கல் கனம், பிச்ச வேகத்துல மேல இருந்த பாதாம் ஃபிரிட்ஜுக்கு அடியில போயிடுச்சு, வாசனை அப்படியே சுக்கு போட்ட கருப்பட்டி. டப்பாவ மூடாம தூங்கிட்டேன், காலையில சுவர் நெடுக எறும்பு வரிசை. அதுல ஒண்ணு கூட தேன் எங்கேன்னு கேக்கல.