புகார் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துவிட்டோம், இனி என்ன செய்வது?

கேள்வி: எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை அடிக்கடி பொங்கி வழிகிறது. புகார் செய்தால் ஆள் வந்து அடைப்பை எடுத்துவிட்டுப் போகிறார்கள். சில வாரங்களில் மறுபடியும் அதே கதை. ஆரம்பத்தில் கூட வந்த அக்கம்பக்கத்தார் இப்போது ‘போய் என்ன ஆகப்போகிறது’ என்கிறார்கள். சாதாரண மக்கள் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

பதில்: நிறையச் செய்யலாம். நீங்கள் புகார் கொடுத்தால் ஆள் வருகிறார்கள் என்பதை முதலில் கவனியுங்கள். ‘சாக்கடை வழிகிறது’ என்கிறீர்கள்; அடைப்பை எடுத்து, ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதிப் புகாரை மூடிவிடுகிறார்கள். அடுத்த முறை நீங்கள் கொடுப்பது அவர்கள் கணக்கில் புத்தம் புதுப் புகார். அதே இடம் ஏன் திரும்பத் திரும்ப அடைத்துக்கொள்கிறது என்று எழுத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இனிமேல் கேட்க வேண்டியது அதைத்தான்.

அதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். வழிந்த தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், அன்று மழை பெய்ததா, எந்த மூடியிலிருந்து முதலில் வந்தது, புகார் எண், யார் வந்து என்ன செய்தார்கள். கூடவே ஒரே இடத்தில் நின்று ஒரு படம். மழை நாளில் மட்டும் வழிந்தால், மழைநீர் எங்கோ சாக்கடைக் குழாய்க்குள் புகுகிறது என்று சந்தேகிக்கலாம். வெயில் நாளிலும் வழிந்தால் எண்ணெய்ப் பிசுக்கு, மர வேர், உடைந்த குழாய், சரியில்லாத வாட்டம் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு. இரண்டு மூன்று மாதக் குறிப்பைக் கையில் வைத்துப் பேசினால் பொறியாளர் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். ஒன்று மட்டும்: மூடியைத் திறந்து பார்க்கவோ உள்ளே இறங்கவோ யாரையும் விடாதீர்கள். உள்ளே தேங்கும் விஷவாயு நொடியில் உயிரைக் குடித்துவிடும்.

குறிப்பு எழுதுவதில் எல்லோரும் ஒரே முறையைக் கையாள்வது முக்கியம். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014-ல் குடிநீர் ஆதாரத்தை மாற்றிய பிறகு, தண்ணீர் சரியில்லை என்று மக்கள் சொல்லச் சொல்ல, பாதுகாப்பானதுதான் என்றே பதில் வந்தது. 2015-ல் அவர்கள் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து வீட்டுக் குழாய்களில் தாங்களே தண்ணீர் பிடித்து அனுப்பினார்கள். குழாயைத் திறந்ததும் ஒன்று, 45 விநாடி கழித்து ஒன்று, 2 நிமிடம் கழித்து ஒன்று என எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி. ஈயம் கலந்திருப்பது தெரிந்தது. அந்த அக்டோபரிலேயே பழைய ஆதாரத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

சரி, மனுவுக்கு வருவோம். ஒரு பக்கம் போதும். சாலைக் குழி, தெருவிளக்கு, குப்பை எல்லாவற்றையும் அதில் திணிக்காதீர்கள். கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால், சாலை மூன்றும் மூன்று துறைகளிடம் இருக்கக்கூடும். ஆளுக்கு ஆள் தட்டிவிடுவார்கள். குழாய் யார் பொறுப்பு என்று விசாரித்து, அவருக்கே எழுதுங்கள். கடைசி வரியில் ‘ஆவன செய்க’ என்று முடித்தால் காரியம் ஆகாது. ‘இந்த மூடிக்கும் அந்த மூடிக்கும் இடையிலான குழாயைக் கேமரா விட்டுச் சோதித்து, அறிக்கையை இந்தத் தேதிக்குள் எங்களுக்குத் தர வேண்டும்’ என்று கேளுங்கள். ஆம் அல்லது இல்லை என்று ஒருவர் பதில் சொல்லியே தீர வேண்டிய கேள்வியாக அது இருக்க வேண்டும்.

1854-ல் லண்டனின் சோஹோ பகுதியில் காலராவுக்கு 600 பேருக்கு மேல் பலியானபோது மருத்துவர் ஜான் ஸ்னோ செய்ததும் இதுதான். கெட்ட காற்றுதான் காரணம் என்று பலரும் நம்பிய காலம் அது. இறந்தவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று விசாரித்த அவர், பிராட் தெரு பம்பின் கைப்பிடியைக் கழற்றும்படி உள்ளூர் நிர்வாகக் குழுவிடம் கேட்டார். தண்ணீர் வழியாகத்தான் காலரா பரவுகிறது என்ற அவருடைய கொள்கையை அவர்கள் முழுக்க ஏற்கவில்லை. ஆனாலும் செப்டம்பர் 8 அன்று கைப்பிடியைக் கழற்றினார்கள். பிறகு, அந்த வட்டாரத்தை வீடு வீடாக அறிந்த ஹென்றி ஒயிட்ஹெட் என்ற பாதிரியார், ஸ்னோ சொன்னது தவறு என்று காட்டத்தான் விசாரிக்கப் போனார். நோய்வாய்ப்பட்ட ஒரு குழந்தையின் துணி அலசிய தண்ணீர், கிணற்றை ஒட்டியிருந்த கழிவுத் தொட்டியில் கொட்டப்பட்டதைக் கடைசியில் அவரே கண்டுபிடித்தார். உங்கள் தெருவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது எந்த அதிகாரிக்கும் தெரியாது.

அலுவலகத்துக்குக் கூட்டமாகப் போக வேண்டாம், மூன்று பேர் போதும். ஒருவர் பேசட்டும், ஒருவர் எழுதட்டும். கோபம் நியாயமானதுதான், அதைக் கீழ்மட்ட ஊழியர்மேல் காட்டாதீர்கள். குழாயை மாற்றப் பணம் கேட்டு மேலிடத்துக்கு எழுத, அவருக்கே உங்கள் நோட்டுப் புத்தகம் தேவைப்படலாம். வீடு திரும்பியதும், ‘இன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்’ என்று அன்றே ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பிவிடுங்கள். கெடு தாண்டினால் அதே தாள்களோடு மேலதிகாரி, அப்புறம் மக்கள் பிரதிநிதி, அதன் பிறகுதான் பத்திரிகை.

ஒதுங்கிவிட்டவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள், சின்ன வேலை கொடுங்கள். மூடிக்கு எதிர்வீட்டுக்காரர் படம் எடுக்கட்டும், கணினி தெரிந்த பிள்ளை மனுவை அடிக்கட்டும்.

‘நிதி இல்லை’ என்ற பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். குழாயில் கோளாறு இருப்பதை ஒப்புக்கொண்டதாகத்தான் அதற்குப் பொருள். அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்துக்கான பட்டியலை எந்த மாதம் தயாரிக்கிறார்கள் என்று கேளுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் மனு அவர்கள் மேசையில் இருக்கட்டும்.