பதினோராம் அத்தியாயத்தைத் தாண்ட முடியவில்லை

கேள்வி

அன்புள்ள ஆலோசகருக்கு,

வணக்கம். நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதிக்கொண்டிருந்தேன் என்பதுதான் சரி. 20 அத்தியாயம், சுமார் 60,000 வார்த்தை என்று திட்டம். முதல் 10 அத்தியாயங்களை ஒன்பது மாதத்தில் முடித்தேன். 31,000 வார்த்தை வந்திருக்கிறது. 11ஆம் அத்தியாயத்தில் ஐந்து மாதமாக நிற்கிறேன்.

தினமும் காலை 5 மணிக்கு உட்கார்கிறேன். 6.30க்கு எழுந்தாக வேண்டும். அதன்பிறகு நாள் எனக்குச் சொந்தமில்லை. நடை கைவிட்டுப் போய்விடக் கூடாது என்று முதல் இரண்டு அத்தியாயங்களைப் படித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். அதற்கே 40 நிமிடம் ஆகிவிடுகிறது. படிக்கும்போது கண்ணை உறுத்துவதைத் திருத்துகிறேன். முதல் அத்தியாயத்தை இதுவரை 14 முறை திருத்தியாயிற்று. 'ஜன்னல்' என்று இருந்ததைச் 'சாளரம்' ஆக்கி, போன வாரம் மறுபடி 'ஜன்னல்' ஆக்கினேன். மிச்ச நேரத்தில் 11ஆம் அத்தியாயத்தில் 200 வார்த்தை எழுதுவேன், 180 வார்த்தையை அழிப்பேன்.

அந்த அத்தியாயத்தில் நடக்க வேண்டியது எனக்குத் தெரியும். தங்கை அக்காவிடம் கேட்க வேண்டும்: "அப்பாவுக்கு முடியாமப் போனப்போ ஏன் எனக்குச் சொல்லல?" அதுவரை சரளமாக வருகிறது. அக்கா வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் நின்றுவிடுகிறது. (அக்கா பாத்திரத்தில் என் அக்காவின் சாயல் கொஞ்சம் உண்டு. ஆனால் அது பிரச்சினை இல்லை.)

இதற்கிடையே இன்னொரு நாவலுக்கான யோசனை வந்து மண்டையைக் குடைகிறது. இதைவிட அது நல்ல கதை என்று தோன்றுகிறது. இதுவரை எழுதியதை ஒரு நண்பரிடம் கொடுத்தேன். "எல்லாம் சரியா இருக்கு, ஆனா உயிர் இல்ல" என்றார். அன்றிலிருந்து எந்த வாக்கியத்தைப் பார்த்தாலும் உயிர் இருக்கிறதா என்றுதான் தேடுகிறேன். ராத்திரி படுத்தால் அதே காட்சி ஓடுகிறது. மூன்று மணி வரை தூக்கம் வராத நாட்கள் உண்டு.

எனக்கு வந்திருப்பது கற்பனை வறட்சியா? இந்த நாவலை மூட்டை கட்டிவிட்டுப் புதியதை ஆரம்பிக்கலாமா? "எப்போ முடியும்?" என்று கணவர் அக்கறையோடுதான் கேட்கிறார். பதில் சொல்லத் தெரியாமல் எரிந்து விழுகிறேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 200 வார்த்தை, ஐந்து மாதம் என்றால் ஏறக்குறைய 30,000 வார்த்தை. உங்கள் நாவலில் பாக்கி இருப்பது 29,000. மீதி நாவல் முழுக்க எழுதும் அளவுக்கு எழுதித்தான் இருக்கிறீர்கள். ஊற்று வற்றவில்லை, இறைத்த தண்ணீர் வாய்க்காலுக்குப் போகாமல் கிணற்றுக்கே திரும்புகிறது.

முதலில், அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு நகர்ந்தீர்களே, அந்த வரிக்கு வருகிறேன். 'ஆனால் அது பிரச்சினை இல்லை' என்று யாராவது சொன்னால் எங்கள் தொழிலில் அதைத்தான் முதலில் அடிக்கோடிடுவோம். தங்கையின் கேள்வி தடையில்லாமல் வருகிறது. அக்காவின் பதில்தான் ஐந்து மாதமாக வரவில்லை. உங்கள் குடும்பத்தில் இப்படி ஒன்று நடந்ததா என்று நான் கேட்கவில்லை. நடந்திருக்க வேண்டியதும் இல்லை. ஒரு பாத்திரத்துக்கு வீட்டு மனிதரின் முகத்தைக் கொடுத்துவிட்டாலே, அது பேசும் ஒவ்வொரு வார்த்தையையும் அவர் படிப்பாரே என்ற நினைப்பு மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த அக்காவை நல்லவளாகப் பேசவைத்தால் பொய்யாக இருக்கிறது. கெட்டவளாகப் பேசவைத்தால் துரோகமாக இருக்கிறது. அழிப்பதைத் தவிர வழியில்லை.

இதற்குப் பெரும்பாலானவர்கள் செய்வது, பாத்திரத்தின் வேலையையும் வயதையும் தோற்றத்தையும் மாற்றுவது. அது போதாது. அடையாளம் தெரியாமல் போகலாம், ஆனால் எழுதுகிற உங்களுக்கு உள்ளே இருப்பது அதே மனுஷிதான். மாற்ற வேண்டியது அவளுடைய ஆசையையும் அவள் எடுத்த முடிவையும். ஒரு தாளில் எழுதுங்கள்: அப்பா படுத்திருந்த அந்த வாரத்தில் இவளுக்கு என்ன வேண்டியிருந்தது? தங்கையிடம் எதைப் பார்த்து இவளுக்குப் பொறாமை? எது வெளியே தெரிந்தால் இவள் கூனிக்குறுகிப் போவாள்? உங்கள் அக்கா ஒருநாளும் சொல்லாத பதில்களாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

பிறகு அந்தப் பதிலை மூன்று விதமாக எழுதிப் பாருங்கள். "சொல்லியிருந்தா நீ எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்திருப்ப, அதான்" என்று அக்கா சொன்னால் அவள் தியாகி ஆகிவிடுகிறாள். காட்சி அங்கேயே முடிந்துவிடுகிறது, 12ஆம் அத்தியாயத்துக்கு ஒன்றும் மிச்சமில்லை. "அந்த ஒரு வாரம் அப்பா எனக்கு மட்டும் அப்பாவா இருந்தார், பங்கு போட மனசு வரல" என்றால் அவள்மேல் கோபம் வருகிறது, விட்டுவிடவும் முடியவில்லை. இதைக் கேட்ட பிறகு தங்கை என்ன செய்வாள் என்று அடுத்த அத்தியாயம் தானாகக் கேட்கிறது. மூன்றாவது, அக்கா நேரான பதிலே சொல்லாமல், பழைய மருந்துச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டே, "நீ போன் எடுத்தியா?" என்று கேட்பது. அப்படியானால் முன்னாலேயே எங்காவது தங்கை எடுக்காத ஓர் அழைப்பு இருந்தாக வேண்டும். இவை உதாரணத்துக்காக நான் எழுதியவை, நாவலில் போட வேண்டாம். ஒரு பதில் சரிதானா என்று பார்க்க என்னிடம் ஒரு சோதனைதான் இருக்கிறது: அது அடுத்த அத்தியாயத்தைத் திறக்கிறதா, மூடுகிறதா?

உண்மையான அக்காவிடம் கேட்க ஏதாவது இருந்தால் அதை நாவலில் கேட்க வேண்டாம். தனியாக, கையால், ஒரு நாளைக்கு 15 முதல் 20 நிமிடம், மூன்று நான்கு நாள் எழுதுங்கள். யாருக்கும் காட்டத் தேவையில்லை, கிழித்துப் போடலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980களில் தொடங்கிய ஆய்வுகளிலிருந்து வந்த முறை இது. எழுதி முடித்தவுடன் மனம் கொஞ்சம் கனப்பது சகஜம். பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணியும். தணியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அக்கா படித்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அச்சுக்குப் போகும்போது எடுக்க வேண்டிய முடிவு. அப்போது பதிப்பாசிரியர் இருப்பார், தேவைப்பட்டால் வழக்கறிஞரைக் கேட்கலாம். முதல் வரைவில் அதற்கு வேலை இல்லை.

இனி அந்தக் காலை 90 நிமிடம். எழுதும்போது மனம் மூன்று வேலை செய்கிறது: திட்டமிடுகிறது, வார்த்தையாக்குகிறது, எழுதியதை எடைபோடுகிறது. எழுதும் செயலை ஆராய்ந்த லிண்டா ஃபிளவரும் ஜான் ஹேஸும் 1981இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. மூன்றும் வரிசையாக வருவதில்லை, எந்த நேரத்திலும் ஒன்றை ஒன்று குறுக்கிடும். நீங்கள் தினமும் 40 நிமிடம் எடைபோடுகிறவரை உசுப்பிவிட்டு, அவர் சூடு தணியும் முன்பே எழுதுகிறவரைக் கூப்பிடுகிறீர்கள். 14 முறை தேய்த்த அத்தியாயத்துக்குப் பக்கத்தில் இன்று பிறந்த வாக்கியம் கரடுமுரடாகத்தான் தெரியும். மைக் ரோஸ் என்ற கல்வி ஆய்வாளர் 1980இல், எழுத முடியாமல் திணறும் கல்லூரி மாணவர்களைப் பற்றி எழுதினார். அவர்களைக் கட்டிப்போட்டது பெரும்பாலும் 'இப்படித்தான் எழுத வேண்டும்' என்ற இறுகிய விதிகள். திணறாதவர்களிடமும் விதிகள் இருந்தன, ஆனால் உதவாதபோது கைவிட்டார்கள். உங்கள் விதி, 'நடை பிடிபட முதலிலிருந்து படிக்க வேண்டும்' என்பது. ஒன்பது மாதம் அது உதவியிருக்கலாம். இப்போது உதவவில்லை.

அதனால் முதல் 10 அத்தியாயங்களைத் தனிக் கோப்பாகச் சேமித்து, வேறொரு இடத்தில் வைத்துவிடுங்கள். காலையில் திறக்கும் கோப்பில் 11ஆம் அத்தியாயம் மட்டும் இருக்கட்டும். முந்தைய நாள் எழுதிய கடைசி 200 வார்த்தையை மட்டும் படியுங்கள், நடைக்கு அது போதும். பிறகு ஐந்து நிமிடம் நோட்டில் மூன்று வரி: இந்தக் காட்சியில் யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, முடியும்போது எது மாறியிருக்கும். மூன்றாவது வரி எழுத வரவில்லை என்றால் காட்சி இன்னும் தயாராகவில்லை, அன்றைக்கு நோட்டிலேயே இருங்கள். வந்துவிட்டால் 25 நிமிடம் எழுதி, 5 நிமிடம் எழுந்து நடந்து, மறுபடி 25 நிமிடம். அழிக்கும் பொத்தானுக்கு அந்த நேரத்தில் தடை. பிடிக்காத வாக்கியத்தை விட்டுவிட்டு அடுத்த வரியில் மாற்றி எழுதுங்கள், இரண்டும் கிடக்கட்டும். தகவலோ வார்த்தையோ கிடைக்காத இடத்தில் '@@ மருத்துவமனை வராந்தா, வாசனை' என்று குறித்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். பின்னால் '@@' என்று தேடினால் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

அளவு 250 வார்த்தை, வாரம் ஐந்து நாள். 1,000 என்று வைத்துக்கொண்டு இரண்டு நாள் எழுதி மூன்றாம் நாள் படுத்துவிடுபவர்கள்தான் அதிகம். நிறுத்தும்போது காட்சி முடிகிற இடத்தில் நிறுத்தாதீர்கள். 'அக்கா கதவைச் சாத்திவிட்டு' என்று பாதி வாக்கியத்தில் எழுந்துவிடுங்கள். பாதியில் விட்ட வேலை மனதில் தங்கும் என்று ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927இலேயே எழுதினார். பின்னாளைய சோதனைகள் எல்லாவற்றிலும் அப்படி வரவில்லை என்றாலும், மறுநாள் வெற்றுத் திரையை எதிர்கொள்ளாமல் தப்பிக்க இந்தப் பழக்கம் நன்றாகவே கைகொடுக்கும்.

போகப்போக, 3ஆம் அத்தியாயத்தில் ஒரு மாற்றம் வேண்டும் என்று தோன்றும். திறக்காதீர்கள். 'அத். 3: தங்கை எடுக்காத அழைப்பு' என்று ஒரு பட்டியலில் எழுதிவிட்டு, மாற்றம் ஏற்கெனவே நடந்துவிட்டது போல 11ஐத் தொடருங்கள். இரண்டாவது வாரத்தில் எழுதியது குப்பையாகத் தெரியும். பலர் பழைய வழக்கத்துக்குத் திரும்புவது அப்போதுதான். ஒரு நாள் தவறினால் மறுநாள் 500 எழுதி ஈடுகட்டப் பார்க்காதீர்கள், அது மூன்றாம் நாளையும் தின்றுவிடும்.

நண்பர் சொன்ன 'உயிர் இல்ல' என்பதை வைத்து எதையும் திருத்த முடியாது. அது அவருக்கு ஏற்பட்ட உணர்வு, உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் எந்தப் பக்கம் என்று அதில் இல்லை. அவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: படிக்கும்போது எந்த இடத்தில் போனை எடுத்தீர்கள்? யாரைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது? இரண்டாவதுக்கு 'அக்கா' என்று பதில் வந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது. முதல் வரைவு முடியும்வரை வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

புது நாவல் இதைவிட நல்ல கதையாகத் தெரிவதற்குக் காரணம், அதில் இன்னும் 11ஆம் அத்தியாயம் வரவில்லை. ஒரு பக்கத்தில் குறித்து வைத்து மூடிவிடுங்கள். அக்காவின் பதிலை மூன்று விதமாக எழுதி, நான்கு வாரம் இந்த முறையில் உட்கார்ந்த பிறகும் ஒரு பதில்கூட அடுத்த அத்தியாயத்தைத் திறக்கவில்லை என்றால், அப்போது இந்த நாவலைத் தள்ளி வைப்பதில் தவறில்லை.

தூக்கத்தை நான் சாதாரணமாக விடமாட்டேன். மூன்று மணிக்குத் தூங்கி ஐந்து மணிக்கு எழுதுகிற மூளையிடம் எதை எதிர்பார்க்க முடியும்? அப்படிப்பட்ட நாளில் எழுதாமல் தூங்குங்கள். படுக்கையில் காட்சி ஓடினால் எழுந்து, நோட்டில் இரண்டு வரி எழுதி, மூடிவிட்டு வந்து படுங்கள். தூக்கமின்மையோடு, எழுத்தில் மட்டுமல்லாமல் மற்ற எதிலுமே ஈடுபாடு குறைந்து, பசி குறைந்து, மனம் சோர்ந்தே கிடப்பது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். அதை 'எழுத்தாளர்களுக்கு வருவதுதான்' என்று சமாதானம் செய்துகொள்ள வேண்டாம்.

கணவர் கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்கிறது. வாரம் 1,250 வார்த்தை என்றால் 29,000 வார்த்தைக்கு 24 வாரம். உடம்பு முடியாத நாள், நோட்டிலேயே கழியும் நாள் என்று இன்னொரு நான்கு வாரம் சேர்த்தால் 28. முதல் வரைவு ஏழு மாதத்தில் முடியும் என்று அவரிடம் சொல்லுங்கள். திருத்தத்துக்கு எவ்வளவு நாள் என்று அவர் அடுத்து கேட்பார். அதை அப்போது பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.