சிஸ்டரைக் கேளுங்கள்: வெங்காயத் தாளும் சீன ஊசியும்

கேள்வி: எனக்கு 51 வயது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. டியூபை எடுத்த பிறகும் மூத்திரம் தானாகப் போகவில்லை. பை நிறைந்ததே தெரிவதில்லை. அடிவயிற்றைக் கையால் அழுத்தினால் கொஞ்சம் போகிறது. தினமும் நானே டியூப் விட்டு எடுக்கப் பழக வேண்டும் என்கிறார் டாக்டர். நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் சீன மருந்துக் கடையில் விஷயத்தைச் சொல்லி, வேரும் பட்டையுமாகப் பன்னிரண்டு பொட்டலம் அனுப்பியிருக்கிறான். கோயம்புத்தூரில் சீன ஊசி (அக்குபங்சர்) போடும் ஒருவரும் வரச் சொல்கிறார். எதைச் செய்யட்டும் சிஸ்டர்?
ஒரு வாசகி, வேலந்தாவளம்

பதில்: கொழிஞ்சாம்பாறையில் இருந்து எழுதும் எனக்கு நீங்கள் பக்கத்து ஊர்க்காரர். கடிதத்தில் ‘டியூப்’ என்ற சொல்லை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தக் கூச்சத்தைப் பேசிவிடுவோம்.

ஏழாம் நூற்றாண்டில் சீனாவில் சுன் சிமியாவ் என்று ஒரு பெரிய வைத்தியர் இருந்தார். மூத்திரம் அடைத்துக்கொண்டவருக்கு அவர் எழுதிவைத்த வழியைக் கேளுங்கள். பச்சை வெங்காயத் தாளை நுனி கிள்ளி, மூத்திரத் துவாரத்தில் மெல்ல நுழைத்து, மறுமுனையில் வாய் வைத்து ஊத வேண்டும். மூத்திரம் வந்துவிடும். நீங்கள் ஒதுக்கும் டியூபும் சீன வைத்தியம்தான் அம்மா! முப்பத்தொரு வருஷ வார்டு வேலையில் எத்தனையோ பெண்களுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே டியூபைக் கையில் வாங்கினார்கள்.

இந்த ஆபரேஷனில் கர்ப்பப்பையோடு அதன் இரு பக்கத்துத் திசுவையும் சேர்த்து எடுப்பார்கள். மூத்திரப்பைக்குப் போகும் மெல்லிய நரம்புகள் அந்தத் திசுவின் வழியாகத்தான் ஓடுகின்றன. சில நரம்பு அறுந்துபோகும், சில இழுபட்டு அடிபடும். இழுபட்டது மாதக்கணக்கில் மெல்லத் தேறும். ஒரு வருஷம் கழித்துத் தேறியவர்களையும் பார்த்திருக்கிறேன். மூன்று மாதத்தில் மனம் விட வேண்டாம்.

பழைய சீன மருத்துவ நூல் மூத்திரப்பையை நீர்த்தேக்கத்து அதிகாரி மாதிரிச் சொல்கிறது. நீர் அவர் பொறுப்பில் சேர்ந்து கிடக்கும். ‘சி’ என்கிற உயிராற்றல் வேலை செய்தால்தான் வெளியே போகும். நம் மூலத்தறை தடுப்பணை ஷட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறைந்து நிற்கிறது, ஷட்டர்காரருக்குத் தகவலே போகவில்லை. உங்கள் நிலைமை அதுதான்.

அழுத்தி எடுப்பதை இன்றே நிறுத்துங்கள். அழுத்தினால் மூத்திரம் மேல்பக்கம் சிறுநீரகத்துக்கும் ஏறலாம். அழுத்திய பிறகும் மிச்சம் தங்கும், தங்கினால் கிருமி பிடிக்கும், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். மூத்திரம் போனதும் ஸ்கேனில் மிச்சத்தை அளந்து பாருங்கள். ‘பி.வி.ஆர்.’ என்று எழுதித் தருவார்கள். அது 100 மில்லிக்குள் இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதைவிட அதிகமாகவே இருக்கும்.

இந்த டியூபை ஆஸ்பத்திரி மாதிரிக் கிருமி நீக்கித்தான் விட வேண்டும் என்றே வெகுகாலம் நினைத்தார்கள். 1972இல் அமெரிக்காவில் லாபிடெஸ் என்ற டாக்டர், சோப்புப் போட்டுக் கை கழுவிச் சுத்தமாகச் செய்தால் போதும், மிச்சம் தங்கவிடாமல் இருப்பதுதான் முக்கியம் என்று காட்டினார். அதனால்தான் வீட்டிலேயே செய்ய முடிகிறது. 12 அல்லது 14 நம்பர் டியூப், ஒரு சின்னக் கண்ணாடி, நல்ல வெளிச்சம் இருந்தால் போதும். தானாக எவ்வளவு போகிறது என்பதைப் பொறுத்து, நாளுக்கு நாலிலிருந்து ஆறு தடவை. பையில் ஒரே நேரத்தில் 400 மில்லிக்கு மேல் சேரவிடாதீர்கள். வருவது நின்றதும் டியூபை வெடுக்கென்று உருவிவிடாமல், விரல்கடை அளவு மெல்ல இழுங்கள். அடியில் கிடந்தது மறுபடி சொட்டும். அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் கப் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, நேரம், தானாகப் போனது, டியூபில் வந்தது என்று மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். டியூபில் வருவது வாரா வாரம் குறைந்தால் நரம்பு விழித்துக்கொள்கிறது என்று அர்த்தம்.

சரி, ஊசிக்கு வருவோம். போகலாம். இந்தப் பிரச்சினைக்குச் சீன வைத்தியர்கள் தொப்புளுக்கு நேர் கீழே இரண்டு இடத்திலும், உள் கணுக்காலுக்கு நாலு விரல் மேலேயும், இடுப்பின் பின்பக்கம் துளை துளையாக இருக்கும் எலும்பிலும் குத்துவார்கள். அந்த எலும்பின் துளைகள் வழியாகத்தான் மூத்திரப்பை நரம்புகள் வெளியே வருகின்றன. அதனால் ‘சும்மா குத்துகிறார்கள்’ என்று நான் தள்ள மாட்டேன். இதே ஆபரேஷன் முடிந்த பெண்களிடம் சீன ஆஸ்பத்திரிகளில் செய்து பார்த்ததில் மூத்திரம் சீக்கிரம் பிரிந்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் அவை பெரும்பாலும் சின்ன ஆய்வுகள். பொய் ஊசி குத்தி ஒப்பிட்டவை குறைவு. ஆகவே ஊசி துணைக்குத்தான், டியூபுக்குப் பதிலாக இல்லை.

போகிற அன்று டியூப் விட்டுப் பையைக் காலி செய்துவிட்டுப் படுங்கள். நிறைந்த பைக்கு மேலே அடிவயிற்றில் ஆழமாகக் குத்துவது ஆபத்து. நெறிக்கட்டி எடுத்த பிறகு கால் வீங்கியிருந்தால் அந்தக் காலில் ஊசி வேண்டாம். கீமோ நடந்தால் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுப் போங்கள். மாசிப்பத்திரி இனத்து இலையைச் சுருட்டிக் கொளுத்தி அனல் காட்டுவதும் அவர்கள் வழக்கம். ஆபரேஷனுக்குப் பிறகு உங்கள் அடிவயிற்றுத் தோலில் சூடு சரியாகத் தெரியாமல் போகலாம். எங்கள் வார்டில் ஒரு பாட்டி வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்தபடியே தூங்கிவிட்டார். விடிந்து பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம், அவருக்கு வலிக்கவே இல்லை. அனலுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பொட்டலத்தைத் தொடாதீர்கள். அதில் நல்ல மருந்தே இருக்கலாம். லவங்கப்பட்டைக் குச்சியும் இரண்டு காளானும் இன்னும் இரண்டு கிழங்கும் சேர்ந்த ஐந்து சரக்குக் கஷாயம் ஒன்று 1,800 வருஷமாக இதற்கு வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் நாடி பிடிக்காமல், நாக்கைப் பார்க்காமல் மருந்து கட்டுவது சீன முறைப்படியே தப்பு. அதைவிடப் பெரிய பயம் வேறு. மூத்திரத்தைப் பெருக்கச் சீனர்கள் சேர்க்கும் ‘மூதோங்’, ‘ஃபாங்ஜி’ போன்ற சரக்குகளின் பெயரில் வேறு கொடிகளும் கலந்து வந்திருக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு இளைக்க ஒரு கிளினிக்கில் மருந்து சாப்பிட்ட பெண்கள் நூறு பேருக்கும் மேல் சிறுநீரகம் கெட்டுப்போனது. பலருக்கு அப்புறம் மூத்திரக் குழாயிலேயே புற்றுநோய் வந்தது. ‘ஃபாங்ஜி’ இருக்க வேண்டிய இடத்தில் அரிஸ்டோலோக்கியா இனத்துக் கொடி வந்து சேர்ந்ததுதான் காரணம். மூதோங் என்று விற்ற அந்த இனத்துக் கொடியைச் சீன அரசே 2003இல் தடை செய்தது.

அந்தக் கொடியின் பங்காளி நம் வேலியிலும் இருக்கிறது. ஈஸ்வரமூலி, பெருமருந்து, மலையாளத்தில் கருடக்கொடி. பாம்புக்கடிக்கு என்று என் அம்மாயி அதன் வேரைச் சட்டத்துக்கு மேலே சொருகி வைத்திருப்பார். கருட சலபம் என்கிற பெரிய பட்டாம்பூச்சி அதன் இலையில் முட்டையிடும். பூச்சிக்கு அந்த விஷம் ஒன்றும் செய்வதில்லை. நம் சிறுநீரகம் தாங்காது. புற்றுநோயைத் தாண்டி வந்தவர் பெயர் தெரியாத வேரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டாம் அம்மா. பாசத்தில் அனுப்பிய மகனிடம் கோபப்படாதீர்கள். அந்தப் பணத்துக்கு டியூப் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சுரப்பியை எடுத்து நாலு மாதம் ஆயிற்று. இருமினால், சாக்கு தூக்கினால் வேட்டி நனைகிறது. மேலே எழுதியிருக்கும் சகோதரிக்கு ஊசி உண்டென்றால் எனக்கும் உண்டா? கணுக்காலில் கரண்ட் வைப்பார்களாமே?
வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: அவருக்கு வராதது பிரச்சினை, உங்களுக்கு நிற்காதது பிரச்சினை அண்ணா. ஒரே மருந்து இரண்டுக்கும் ஆகாது. மூத்திரத்தைப் பெருக்கும் கஷாயம் குடித்தால் உங்களுக்கு வேட்டி இன்னும் நனையும். கசிவுக்கென்று சீனர்களிடம் ‘ஊற்றைச் சுருக்கும் குளிகை’ என்ற பெயரிலேயே ஒன்று இருக்கிறது. பெயரின் அழகுக்காகச் சொன்னேன், சாப்பிடுவதற்கு இல்லை.

கணுக்கால் கரண்ட் உண்மைதான். உள் கணுக்காலுக்கு மூன்று விரல் மேலே மெல்லிய ஊசி குத்தி, அரை மணி நேரம் லேசான கரண்ட், வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு வாரம். அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டிலேயே இதற்கு அனுமதி தந்தது. சீனர்கள் குத்தும் இடமும் ஏறக்குறைய அதுவே. ஆனால் அது அவசரமாக முட்டிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு. இருமினால் சிந்துவது மூத்திரப்பையின் வாயை இறுக்கிப் பிடிக்கும் தசை தளர்ந்ததால். சீனாவில் 504 பெண்களுக்குப் பின் இடுப்பில் கரண்ட் ஊசி ஆறு வாரம் போட்டுப் பார்த்ததில் கசிவு குறைந்தது. 2017இல் அந்த ஆய்வு வெளியானது. அவர்கள் பெண்கள், புற்றுநோய் ஆபரேஷன் ஆனவர்களும் இல்லை. உங்களுக்கு அப்படியே பொருத்திச் சொல்ல மாட்டேன்.

உங்களுக்குக் கெகல் பயிற்சிதான். காற்றுப் பிரியாமல் அடக்குவது போலப் பின்பக்கத் தசையை இறுக்கி ஐந்து எண்ணுங்கள், விடுங்கள். பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. வயிற்றையும் தொடையையும் இறுக்குவதில் பயன் இல்லை. மூத்திரம் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகவும் வேண்டாம். இருமலோ தும்மலோ வரும்போது முன்கூட்டியே இறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் வரை தேற்றம் வந்துகொண்டே இருக்கும். சாக்கு தூக்க இப்போதைக்கு வேறு ஆளைப் பாருங்கள். கரண்ட் ஊசி எதற்காகப் போனாலும், நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். சீன மருந்து எடுப்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டுமா? திட்டுவாரே.
வாசகி, குமுளி

பதில்: திட்டட்டும். சீனக் கஷாயங்களில் ‘தாங்குய்’ என்ற வேர் அடிக்கடி வரும். வார்ஃபரின் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தப்போக்கு வரலாம். மூத்திரம் சிவந்து போனால் அடுத்த வேளைக் கஷாயத்தைக் குடிக்காமல், மருந்துச் சீட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.