டிமென்ஷியா உள்ளவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு எங்கே உதவி கிடைக்கும்?

"அம்மாவுக்கு டிமென்ஷியா என்று உறுதியாகிவிட்டது, வீட்டில் நான் மட்டும்தான், பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஏதாவது உதவி அமைப்பு உண்டா" என்று கேட்டிருக்கிறீர்கள். இதுவரை வந்த பதில்களில் பாதி, "அன்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் மருந்து" என்கிறது. டிமென்ஷியா என்பது நினைவும் யோசிக்கும் திறனும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகிற நோய், அன்பு அதற்கு மருந்தல்ல. அன்பு இல்லாதவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார். நடுராத்திரியில் எழுந்து கதவைத் திறக்கச் சொல்லி அடம்பிடிக்கிற ஒருவரோடு ஒரே ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டு வந்து அவர்கள் உபதேசம் செய்யட்டும். கடுப்பில்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஒழுங்காகத் தூங்கி ரொம்ப நாள் ஆகியிருக்கும். வேலைக்குப் போகிறவர் என்றால் லீவு தீர்ந்திருக்கும். கூடப் பிறந்தவர்கள் யாராவது தூரத்தில் இருந்துகொண்டு போனில் யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான். அப்பாவுக்கு அல்சைமர், டிமென்ஷியாவில் அதிகம் வருகிற வகை. அண்ணன் வீடியோ காலில் வந்தால் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "நல்லா இருக்கேம்ப்பா, நீ எப்படி இருக்கே?" என்று அழகாகப் பேசுவார். "நல்லாத்தானே இருக்கார், நீதான் சும்மா பயப்படுறே" என்பான் அண்ணன். போனை வைத்ததும் அப்பா என் பக்கம் திரும்பி, "யாரும்மா அந்தத் தம்பி?" என்பார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். அம்மாவுக்கு உதவி தேடுவதற்கு முன்னால் உங்களுக்கு உதவி தேடுங்கள். சுயநலமான பேச்சு என்று யாராவது கிளம்புவார்கள், அவர்களுக்காகவே ஓர் ஆய்வைச் சொல்கிறேன். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மன் என்பவரின் குழு, அல்சைமர் வந்த துணையைப் பார்த்துக்கொள்ளும் கணவன் அல்லது மனைவிக்குக் கவுன்சலிங், இதே நிலையில் இருப்பவர்கள் கூடிப் பேசும் ஆதரவுக் குழு, கூப்பிட்டால் பேச ஓர் ஆள் என்று ஏற்பாடு செய்துகொடுத்து வருடக்கணக்கில் கவனித்தது. 2006-ல் வந்த முடிவுப்படி, அந்த உதவி கிடைத்தவர்கள் நோயாளியைப் பராமரிப்பு விடுதியில் சேர்க்க வேண்டிய நிலை சுமார் ஒன்றரை ஆண்டு தள்ளிப்போனது. நோயாளிக்குப் புது மருந்து எதுவும் தரவில்லை. பார்த்துக்கொள்கிறவரைத் தாங்கிப் பிடித்தார்கள், அவ்வளவுதான்.

எங்கே போவது? அல்சைமர்ஸ் டிசீஸ் இன்டர்நேஷனல் என்று ஒரு கூட்டமைப்பு 1984-லிருந்து இருக்கிறது. நூறுக்கும் மேற்பட்ட நாடுகளின் சங்கங்கள் அதில் உறுப்பினர். அவர்கள் தளத்தில் உங்கள் நாட்டுச் சங்கத்தைப் பிடித்து, ஹெல்ப்லைன் இருக்கிறதா, பக்கத்தில் ஆதரவுக் குழு கூடுகிறதா என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம், பார்த்துக்கொள்கிறவர்களுக்கென்றே 'ஐசப்போர்ட்' என்ற இலவசப் பயிற்சியை வெளியிட்டிருக்கிறது. 5 பகுதி, 23 பாடம். உட்கார்ந்து படிக்க நேரம் ஏது என்பீர்கள், தெரியும். நடத்தை மாற்றங்களைப் பற்றிய கடைசிப் பகுதியை மட்டும் முதலில் எடுங்கள், மற்றது மெதுவாக ஆகட்டும்.

ஆனால் என்னைக் காப்பாற்றியது ஆதரவுக் குழுதான். மருத்துவமனையில் ஒரு நர்ஸ் சொல்லி அரைமனதாகத்தான் போனேன். வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து அழுவார்கள் என்று நினைத்திருந்தேன். அங்கே மனைவியைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெரியவர், "சில நாள் கையை ஓங்கிவிடுவேனோ என்று எனக்கே பயமா இருக்கு" என்றார். யாரும் முகம் சுளிக்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா, "அந்த மாதிரி வரும்போது நான் பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவேன், ரெண்டு நிமிஷம் போதும்" என்றார். இதை உறவினர் கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள், என்ன ஆகும் என்று.

அப்பா கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு, பாதிப் பட்டன் மாறிப் போட்டபடி, "ஆபீசுக்கு நேரமாச்சு" என்று வாசலில் நிற்பார். "ரிடையர் ஆகிட்டீங்கப்பா" என்றால் கோபம் இன்னும் ஏறும். குழுவில் இதைச் சொன்னபோது அதே அம்மா, "ஏன் தடுக்கிறே? ஆபீசை வீட்டுக்குக் கொண்டுவந்துடு" என்றார். பழைய கரண்ட் பில், டெலிபோன் பில் ஒரு கட்டு, பஞ்சிங் மிஷின், டேக் கயிறு எல்லாம் மேஜையில் வைத்து, "சார், இது எல்லாம் பெண்டிங்" என்றேன். அப்பா உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு பில்லையும் நீவி, ஓரம் சேர்த்து, ஓட்டை போட்டு, டேக் கோத்து முடிச்சுப் போட்டார். விரல்களுக்கு ஒன்றும் மறக்கவில்லை. நான் ராத்திரி அவிழ்த்துக் கலைத்து வைப்பேன், மறுநாள் மறுபடி பெண்டிங். எல்லா நாளும் பலித்தது என்று சொல்ல மாட்டேன், பலித்த நாளில் நான் குளிக்க முடிந்தது.

அப்புறம் பகல் நேரப் பராமரிப்பு மையம். கிடைத்தால் விடாதீர்கள். ஆள் வைத்துப் பார்ப்பதானால், அனுப்பும் ஏஜென்சியிடம் "எத்தனை வருட அனுபவம்" என்று கேட்காமல், "குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் உங்கள் ஆள் என்ன செய்வார்?" என்று கேளுங்கள். "பிடிச்சுக் குளிப்பாட்டிடுவோம்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். அப்பாவை மையத்தில் விட ஆரம்பித்ததும் "பெத்த அப்பனைக் கொண்டுபோய்த் தள்ளிட்டா" என்று பேச்சு வந்தது. பேசியவர்கள் யாரும் ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்ததில்லை. கீழே இதையே கமெண்டாகப் போட வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கமெண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. மையங்களைப் பற்றி முன்பு இங்கே நான் எழுதிய பதிலை ஒருவர் அப்படியே எடுத்து, 'என் தாத்தாவின் கதை' என்று தலைப்புப் போட்டு, அப்பா என்ற இடத்தில் எல்லாம் தாத்தா என்று மாற்றித் தன் பெயரில் போட்டிருந்தார். ஒரு இடத்தில் மாற்ற மறந்து அப்பா என்றே விட்டிருக்கிறார். அதற்கு என் பதிலைவிடப் பல மடங்கு ஆதரவு ஓட்டு! புகார் கொடுத்தேன், விதிமீறல் இல்லை என்று பதில் வந்தது. இதையும் எடுத்துக்கொள்ளட்டும், பஞ்சிங் மிஷினையாவது விட்டுவைக்கட்டும்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி12 குறைவு, தைராய்டு, மண்டைக்குள் ரத்தக் கட்டு, மன அழுத்தம் இவையும் டிமென்ஷியா மாதிரியே காட்டும். அந்தப் பரிசோதனைகள் எல்லாம் ஆகிவிட்டதா என்று டாக்டரிடம் கேளுங்கள், ஏனென்றால் அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஓரிரு நாளில் திடீரென்று நிலை மோசமானால் நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், சிறுநீர்த் தொற்று போல ஏதாவது இருக்கலாம், உடனே காட்டுங்கள். ஆவேசத்தை அடக்க மனநோய் மருந்து (ஆன்டிசைகாட்டிக்) எழுதினால் எதற்கு, எவ்வளவு நாளைக்கு என்று விசாரியுங்கள். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு அவற்றால் மரண ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்திருக்கிறது. அதற்காக நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. வங்கி, சொத்து, கையெழுத்து விவகாரங்களை அம்மாவுக்குப் புரிந்து முடிவெடுக்க முடிகிற இப்போதே ஒரு வக்கீலிடம் பேசி முடியுங்கள். சாதாரண அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி), எழுதிக் கொடுத்தவர் சிந்திக்கும் திறனை இழந்தபின் பல இடங்களில் செல்லாது.

அம்மாவுக்கு எந்த வகை, எந்தக் கட்டம் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதினால் அந்தக் கட்டத்தில் எங்களுக்கு எது உதவியது என்று சொல்கிறேன். மாத்திரைப் பெயர் கேட்டு மட்டும் இன்பாக்ஸுக்கு வராதீர்கள், நான் டாக்டர் இல்லை.