பதிவெண் விழுவதற்கு முன்பே பாருங்கள்: ஷோரூம் காரின் நிலையைக் கணிப்பது எப்படி?

கேள்வி: திருச்சியில் ஒரு ஷோரூமில் 11 லட்ச ரூபாய் விலையில் சிறிய எஸ்.யு.வி. புக் செய்திருக்கிறேன். வெள்ளை நிறம். புது வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டுக்குப் போய் வண்டியைப் பார்த்தபோது இடது பின்கதவின் நிறம் பக்கத்துப் பாகங்களோடு ஒட்டாமல் தெரிந்தது. ஓடோமீட்டர் 64 கி.மீ. காட்டுகிறது. கேட்டால், ‘வெயில்ல அப்படித் தெரியும் சார். மீதிப் பணத்தைக் கட்டிடுங்க, நாளைக்கே ரிஜிஸ்ட்ரேஷன் போட்டுடலாம். டெலிவரி அன்னிக்கு நிதானமா செக் பண்ணிக்குங்க’ என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: பணத்தை இப்போது கட்டாதீர்கள். நாளைக்குப் பதிவு வேண்டாம் என்று இன்றே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

ஏன் இந்த அவசரம் என்றால், ‘டெலிவரி அன்று பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சிலேயே சிக்கல் இருக்கிறது. தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ பதிவு செய்யாமல் எந்த வண்டியையும் டீலர் கையளிக்கக் கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளில் 42வது விதி. அப்படியானால் நிரந்தரப் பதிவு போட்டு டெலிவரிக்கு வரும் வண்டி, சட்டப்படி ஏற்கெனவே உங்கள் பெயருக்கு மாறிவிட்ட வண்டி. தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுள் வரி 18 சதவீதம். உங்கள் வண்டிக்குக் கிட்டத்தட்ட 2 லட்ச ரூபாய் அரசுக் கணக்குக்குப் போயிருக்கும். காப்பீடும் கடன் பதிவும் உங்கள் பெயரில் ஏறியிருக்கும். அதன்பிறகு கதவைக் காட்டி ‘இந்த வண்டி வேண்டாம்’ என்றால், ‘ஃப்ரீயா கோட்டிங் போட்டுத் தர்றோம் சார்’ என்பதற்கு மேல் பதில் வராது. ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண்ணான சேஸி எண் உங்களுக்கென ஒதுக்கப்பட்ட பிறகு, பதிவுக்கு முன்பு கிடைக்கும் சில நாட்கள்தான் உங்கள் கை ஓங்கியிருக்கும் நேரம்.

இனி கதவுக்கு வருவோம். வெள்ளை வண்டியில், அதிலும் முத்து வெள்ளையில், பம்பரின் நிறம் சற்று மாறித் தெரிவது சகஜம். பம்பர் பிளாஸ்டிக், தனியாக பெயின்ட் ஆகி வருவது. கதவு அப்படியல்ல. கதவும் ஃபெண்டரும் பாடியோடு சேர்ந்து ஒரே பெயின்ட் லைனில் போய் வருபவை. கதவுக்கும் அதன் பக்கத்து இரும்புப் பாகத்துக்கும் நிற வேறுபாடு தெரிந்தால், தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு அதில் கை வைத்திருக்கிறார்கள் என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். கேரியர் லாரியில் ஏற்றி இறக்கும்போதும், நெருக்கமாக நிறுத்தும் யார்டிலும் கதவுகள் அடிவாங்குவது புதிதல்ல. டிங்கரிங் செய்து, பள்ளத்தை நிரப்பப் பட்டி போட்டு, பெயின்ட் அடித்துவிடுவார்கள்.

இதை உறுதிசெய்யப் பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி போதும். சில ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிறது. நல்ல பாடி ஷாப் வைத்திருப்பவரிடம் இரவலும் கேட்கலாம். தொழிற்சாலை பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும், சில மாடல்களில் இன்னும் மெல்லியதாக. எண்ணைவிட அது எப்படி மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். வலது பின்கதவில் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் வைத்தால் 112, 118, 115 என்று வரும். இடது கதவில் மேலே 120, நடுவில் 230, கீழ் விளிம்பில் 480 என்று ஏறினால், 230 இரண்டாவது கோட் அடித்த இடம், 480 பட்டி. சாதாரணக் கருவி இரும்பில் மட்டுமே வேலை செய்யும்; பம்பரில் வைத்துவிட்டு ‘எண்ணே வரவில்லையே’ என்று குழம்ப வேண்டாம்.

கருவி கிடைக்காவிட்டால் கதவைத் திறந்து கீலைப் பாருங்கள். கீலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்கும் பாடியோடு சேர்த்துத்தான் பெயின்ட் படிந்திருக்கும். ஸ்பேனர் பட்டால் அறுகோணத் தலையின் மூலைகளில் பெயின்ட் உரிந்து உலோகம் மினுக்கும். போல்ட்டைச் சுற்றி மெல்லிய விரிசல் வட்டம் தெரியும். கதவு சரியாகப் பொருந்துவதற்காகத் தொழிற்சாலையிலேயே சில போல்ட்டுகளைத் திருகுவதுண்டு. அதனால் இந்த ஒரு கீலை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், மற்ற மூன்று கதவுகளோடு ஒப்பிடுங்கள். கதவின் உள் விளிம்பில் இணைப்பை அடைத்து ஓடும் சீலன்ட் பசைக் கோட்டையும் விரலால் தடவுங்கள். தொழிற்சாலைக் கோடு ஒரே சீராக ஓடும். கையால் பூசியது மேடு பள்ளமாக இருக்கும். ரப்பர் பீடிங்கை லேசாக விலக்கினால் பெயின்ட் தூசி ஒட்டியிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். இதையெல்லாம் பகல் வெளிச்சத்தில், வண்டியைக் கழுவித் துடைக்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள். ஷோரூம் விளக்கில் எல்லா வண்டியும் அழகுதான்.

64 கி.மீ. எனக்குக் கவலை தரவில்லை. யார்டு ஊருக்கு வெளியே இருக்கும். அங்கிருந்து ஷோரூமுக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் ஓட்டியே இவ்வளவு வந்துவிடும். 150 என்று இருந்தால் மதுரை டீலரிடமிருந்து ஓட்டி வந்தார்களா என்று கேட்பேன். அதற்கும் மேலே போனால் டெஸ்ட் டிரைவுக்குப் பயன்பட்ட வண்டியா என்ற சந்தேகம் நியாயமானது. மியூசிக் சிஸ்டத்தில் புளூடூத் பட்டியலைத் திறந்து பாருங்கள். அதில் நாலைந்து பேரின் போன்கள் இருந்தால், அந்த வண்டி பலர் கைபட்ட வண்டி.

வண்டியின் வயதைக் கண்டுபிடிக்க டயரிலிருந்து தொடங்குங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23வது வாரம். நான்கு டயர்களும் சில வார இடைவெளிக்குள், வண்டி தயாரான மாதத்துக்கு முன்பாக இருக்க வேண்டும். ஒரு டயர் மட்டும் வண்டியைவிட இளையதாக இருந்தால் அது பின்னால் மாட்டியது. கண்ணாடிகளுக்கும் இதே கணக்கு. ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் நிறுவனக் குறியும் தயாரிப்புக் குறியீடும் இருக்கும். உங்கள் இடது பின்கதவுக் கண்ணாடியின் குறி மட்டும் மற்ற கதவுகளிலிருந்து மாறியிருந்தால் அதைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

சேஸி எண்ணில் 17 எழுத்தும் இலக்கமும் இருக்கும். தயாரிப்பு மாதமும் அதில் பொதிந்திருக்க வேண்டும் என்பது விதி. பல நிறுவனங்கள் 10வது இடத்தில் ஆண்டைக் காட்டும் எழுத்தை வைக்கின்றன: ஆர் என்றால் 2024, எஸ் என்றால் 2025, டி என்றால் 2026. மாதத்துக்கான இடம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதனால் படிவம் 21 எனப்படும் விற்பனைச் சான்றிதழின் நகலை முன்கூட்டியே கேளுங்கள். தயாரிப்பு மாதமும் ஆண்டும் அதில் எழுத்தில் வரும். மூன்று நான்கு மாதம் நின்ற வண்டியை நான் தயங்காமல் வாங்குவேன். ஆண்டு மாறிவிட்டது என்றால் மறுவிற்பனையில் அடிபடும், அதற்கு ஈடாக விலையில் குறைக்கச் சொல்வது உங்கள் உரிமை. அதிக நாள் நின்ற வண்டியில் பேட்டரியை மறக்காதீர்கள்: எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அருகே காட்டும், 12.2க்குக் கீழே போனால் மாற்றித் தரச் சொல்லுங்கள். பிரேக் டிஸ்கில் மேலோட்டமாக இருக்கும் துரு நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

சென்னையிலிருந்து வரும் ஸ்டாக் என்றால் இன்னொரு சோதனையும் சேர்த்துக்கொள்வது நல்லது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்த நகரம் எப்படி மூழ்கியது என்று பார்த்தோம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். நீர் ஏறிய வண்டியில் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை நிற்கும். சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், ஹெட்லைட்டுக்குள் நீராவி ஆகியவையும் அதே கதையைச் சொல்லும்.

கதவு பட்டி போட்டதுதான் என்று தெரிந்தால் என்ன செய்வது? வேறு சேஸி எண் கேளுங்கள். தள்ளுபடி, சீட் கவர், டெஃப்லான் கோட்டிங் எதற்கும் இறங்க வேண்டாம். பம்பரில் சிறு கீறலை பாலிஷ் செய்து, அதை வெளிப்படையாகச் சொல்லி விலை குறைத்தால் நானே ஒத்துக்கொள்வேன். பட்டி போட்ட இரும்புப் பாகம் வேறு விவகாரம். தொழிற்சாலையில் அடியில் படிந்திருக்கும் துருத்தடுப்புப் பூச்சு அந்த இடத்தில் தேய்த்து எடுக்கப்பட்டிருக்கும். ஐந்து வருடம் கழித்து நீங்கள் விற்கப்போகும்போது வருபவரும் இதே கருவியை வைத்து ‘ஆக்சிடென்ட் வண்டி’ என்று எழுதிவிட்டுப் போவார். உங்கள் தவறே இல்லாமல் விலை இறங்கும்.

பார்த்ததை எழுத்தில் பதிவு செய்வது மிக முக்கியம். சேஸி எண், தேதி, கதவில் கண்ட குறை, கருவி எண்களோடு எடுத்த போட்டோக்கள் எல்லாவற்றையும் ஷோரூமுக்கும் கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் சேர்த்து அனுப்புங்கள். கோவாவில் ஒருவர் 2011 மாடலுக்குப் பணம் கட்டி, 2009இல் தயாராகி 622 கி.மீ. ஓடிய வண்டி தலையில் கட்டப்பட்டதாக வழக்கு போட்டார். அந்த வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம், டீலர் செய்தது தயாரிப்பாளருக்குத் தெரியும் என்று நிரூபிக்காதவரை அந்த வண்டியின் தயாரிப்பாளரான டாடா மோட்டார்ஸைப் பொறுப்பாக்க முடியாது என்று சொல்லிவிட்டது. பெரிய நிறுவனத்தின் பெயர்ப் பலகை இருக்கிறதே என்று நம்பியிருந்தால் போதாது. கார் நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் போயிருந்தால், ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்ல அவர்களுக்கு வழியில்லை.

ஷோரூம் மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 50 லட்சம் வரை அங்கேயே வழக்கு நடக்கும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தொடுக்கலாம், உங்கள் வண்டியின் விலைக்குக் கட்டணம் 400 ரூபாய். பெரும்பாலும் அதுவரை போகாது. பதிவாகாத வண்டியை வேறு ஒருவருக்கு ஒதுக்கிவிட்டு உங்களுக்கு மாற்று தருவது அவர்களுக்கும் சுலபம். அப்படி ஒதுக்கும் மாற்று வண்டியையும் பதிவுக்கு முன்பே, முதல் வண்டியைப் பார்த்தது போலவே கதவு கதவாகப் பாருங்கள்.